புதர் மண்டிய நிலம்: இயந்திரமா, மருந்தா, மண்வெட்டியா?

பினாங்கின் பாலிக் பூலாவிலும் நிபோங் திபால் பக்கத்திலும் தாத்தா காலத்து நிலங்கள் பல கேட்பாரற்றுக் கிடக்கின்றன. உண்ணிச்செடியும் லாலான் புல்லும் கப்பால் தெர்பாங் என்ற களைச்செடியும் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. சுத்தம் செய்யக் கிளம்புபவர்கள் கூலியைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். வேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தோளில் மாட்டும் புல்வெட்டி இயந்திரம் மலிவு; ஒரே நாளில் நிலம் பளிச்சென்று தெரியும். சில வாரம் கழித்துக் கப்பால் தெர்பாங்கின் அடிக்கட்டையைக் குனிந்து பாருங்கள். ஒரு தண்டு நின்ற இடத்தில், மண்ணை ஒட்டி நாலைந்து தளிர்கள் கிளம்பியிருக்கும். ஆண்டுக் கடைசியில் அது பூக்கும். விதை காற்றில் பறக்கும். வெட்டுவதானால் பூக்கும் முன்பே வெட்ட வேண்டும்.

மண்வாரி இயந்திரம் வேரோடு பெயர்க்கும். சமதரைக்குச் சரி. பாலிக் பூலாவ் சரிவுகளில் வேண்டவே வேண்டாம். கிளறிய மேல்மண் அடுத்த அடைமழையில் ஓடைக்குப் போய்விடும். மண் வேலைக்கு மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும். லாலானின் வேர்த்தண்டு துண்டுபட்டால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

களைக்கொல்லி மருந்துக்கு வருவோம். பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. இன்னும் அதற்காக ஏங்குபவர்கள் உண்டு. தோட்டங்களில் அதை அடித்த நம் பெண்கள் நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வடிந்து வேலை செய்தார்கள்; தடை தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம். அத்தனைக்கும் அது இலையைக் கருக்கியதே தவிர வேரைக் கொல்லவில்லை. கிளைஃபோசேட் வேர்வரை இறங்கும், லாலானுக்கு ஏற்றது. கட்டை பருத்த உண்ணிச்செடிக்கு, அடியோடு வெட்டிய சில நிமிடங்களுக்குள் ட்ரைக்ளோபிர் மருந்தைத் தூரிகையால் வெட்டுவாயில் தடவுவது மேல். மருந்து கொஞ்சம்தான் செலவாகும். பக்கத்து டுரியான் கன்றின் மீதும் தெறிக்காது. கையுறை கட்டாயம்.

தீ வைப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். எரிந்த நிலத்தில் லாலான்தான் முதலில் தலைதூக்கும். ஆடு மேய விடலாம் என்பவர்களுக்கு: உண்ணிச்செடி ஆட்டின் கல்லீரலைக் கெடுக்கும்.

இரண்டு மூன்று ஏக்கர் சரிவு நிலம் என்றால் நான் சொல்வது இதுதான்: பருத்த கட்டைக்கு வெட்டித் தடவுதல், சிறு செடிக்கு மழை பெய்து மண் இளகிய மறுநாள் மண்வெட்டி. வெறும் மண்ணை அப்படியே விடாமல், செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடப் போடும் முக்குனா கொடியை உடனே ஊன்றிவிடுங்கள். அது கன்றுகள் மேல் ஏறும். அடிக்கடி இழுத்துவிட ஆள் வேண்டும்.