டேப்பா, சணலா, ஓ-ரிங்கா? வாட்டர் வாஷ் கடைக் கசிவுக்கு எது தாங்கும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாட்டர் வாஷ் கடைகளில் வண்டிகள் ரோடு வரை நிற்கும். வண்டிக்காரரே தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்துக் கழுவிக்கொள்ளும் கடை என்றால் கேட்கவே வேண்டாம். ஹோஸைச் சுண்டி இழுப்பார்கள், கன்னைத் தரையில் போடுவார்கள், சமயத்தில் டயரையும் மேலே ஏற்றுவார்கள். எங்காவது கசிந்தால் உடனே கை போவது டெஃப்லான் டேப்புக்குத்தான். பாதி இடத்தில் அது சரி, மீதி இடத்தில் வீண்.

பம்புக்கு முன், பம்புக்குப் பின் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டியிலிருந்து வரும் லைனில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான். பம்பைத் தாண்டினால் 100 பார், அதற்கு மேலும் போகும்.

தொட்டி லைனில் போட்டி டேப்புக்கும் சணலுக்கும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மரை துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் என் ஓட்டு சணலுக்கு. நனைந்ததும் ஊதி, பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். எல்போவை நேராக்க லேசாகப் பின்னால் திருப்பினாலும் தாங்கும். டேப் அதைத் தாங்காது. ஆனால் உள்பக்கம் மரை உள்ள பிளாஸ்டிக் ஃபிட்டிங்கான எஃப்டிஏவில் சணலைச் சுற்றி முறுக்கினால் ஃபிட்டிங் விரிந்து வெடித்துவிடும். அங்கே டேப்தான், அதையும் அளவாக. மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போதே உருண்டு வெளியே வந்துவிடும்.

பித்தளை வால்வை நேராக ஜிஐயில் மாட்டினால் காலப்போக்கில் அரிபடுவது ஜிஐ பக்கம்தான். உப்பு கலந்த போர் தண்ணீரில் இன்னும் வேகமாக. உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி ஆய்வகம் இருக்கிற காரைக்குடியிலேயே இந்த ஜோடி எத்தனை கடைகளில் கசிந்துகொண்டிருக்கிறது! மாற்றும்போது அந்த லைனை பிளாஸ்டிக்குக்குக் கொண்டுபோய், பித்தளை மரை வைத்த எம்டிஏ (வெளிப்பக்கம் மரை உள்ள ஃபிட்டிங்) போடுவது நல்லது.

பம்பின் அவுட்லெட்டில் உலோகத்தோடு உலோகம் சேரும் கூம்பு மரைக்கு டேப்பை விட மரையில் தடவும் லாக்டைட் 577 மாதிரியான சீலன்ட் மேல். டேப்பின் பிசிறு ஒன்று போய் உட்கார்ந்தாலே நாசிலின் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும். சீலன்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. காற்றுப் படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் அது இறுகும். அதனால் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மரை எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டும். வண்டி வரிசையில் நிற்கும்போது செய்கிற வேலை இல்லை.

கன்னும் ஹோஸும் சேரும் எம்22 (22 மில்லி மரை) கப்ளிங்கில் கதையே வேறு. அங்கே மரை பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். எவ்வளவு டேப் சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கழற்றி ரிங்கை விரலில் உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அல்லது செம்மண் துகள் கீறிய கோடு தெரியும். மாற்றினால் முடிந்தது. புது ரிங் போட்டும் ஒழுகினால் உள்முனையை அளந்து பாருங்கள். இதில் 14 மில்லி, 15 மில்லி என்று இரண்டு உண்டு. 14ஐ 15க்கான கப்ளிங்கில் மாட்டினால் மரை ஏறும், தண்ணீர் நிற்காது. ரப்பரில் நைட்ரைல் கேட்டு வாங்குங்கள். அடிப்பக்கம் டீசல், கிரீஸ் படுகிற கடையில் ஈபிடிஎம் என்கிற இன்னொரு வகை ரப்பர் உப்பிப்போகும்.

பிசைந்து அப்பும் எம்-சீல்? தொட்டி லைனில் ஒரு நாளை ஓட்ட உதவும், அவ்வளவுதான். பம்புக்குப் பின்னால் அதைப் பூசவே கூடாது. ஹோஸ் உப்பியிருந்தால் மேலே கிளாம்ப் போட்டு இறுக்குவதும் அப்படித்தான். ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை மெஷினில் அழுத்திக் கிரிம்ப் செய்து தருகிற கடைக்குக் கொண்டுபோவதே வழி. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். பம்பை நிறுத்தி, கன்னை அழுத்தி உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் கன் பக்கமே அடிக்கடி கசிந்தால் அங்கே ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடுங்கள். ஹோஸை எப்படி முறுக்கினாலும் அதுவே சுழன்று கொடுத்துவிடும்.