டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

பதினோரு வருடமாக கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான ப்ளாக்கரில் பூச்சிகளைப் பற்றி எழுதி வருகிறேன். படங்களும் நான் எடுத்தவைதான். பதிவுகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், வகை வகையாகப் பிரித்து, தேடும் வசதியோடு ஒரு முழு வலைத்தளமாக மாற்ற ஆசைப்பட்டேன். தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் ஏமாந்த விதம் இன்னொருவருக்கு நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

“எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் சார், நீங்க எழுதுறதை மட்டும் பாருங்க” என்றார். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஐந்து மாதம் இழுத்தது. வலைத்தளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு ‘உரிமக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை வாங்கினார். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்த நாளிலிருந்தே இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

தளம் திறந்த அன்று முகப்பைப் பார்த்து மகிழ்ந்தேன். மறுநாள் தட்டான் பற்றிய பழைய பதிவைத் திறந்தேன். சிறகில் ஓடும் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரிகிற படம் அது. திரை முழுக்க மங்கலாகக் கிடந்தது. ப்ளாக்கர் ஒரே படத்தைப் பல அளவுகளில் தரும். படத்தின் முகவரியில் எஸ்320 என்றிருந்தால் அது அதிகபட்சம் 320 பிக்சல் உள்ள சின்னப் பிரதி. அவர் அந்தச் சின்னப் பிரதிகளை மட்டும் இறக்கி, பெரிதாக இழுத்துப் போட்டிருந்தார். பதிவுகளையும் முறையாக இறக்குமதி செய்யவில்லை, கையால் நகலெடுத்து ஒட்டியிருந்தார். அதனால் பின்னூட்டம் ஒன்றுகூட வரவில்லை. முதல் வருடத்திலிருந்து என் ஒவ்வொரு பதிவுக்கும் வந்து தவறு திருத்திய நண்பர் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் எழுதியவையும் போயிருந்தன.

அடுத்தது இணைப்புகள். தமிழில் தலைப்பு வைத்தால் ப்ளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது. ‘பிளாக்-போஸ்ட்_37’ என்பது போல ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸோ தமிழ்த் தலைப்பை %E0 என்பது போன்ற விழுக்காட்டுத் தொடராக மாற்றி முகவரியாக்கும். ஒரு தமிழ்க் குறிக்கு (‘கி’ என்பதில் க ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு) 9 எழுத்து ஆகும், 200-ஐத் தாண்டினால் வெட்டிவிடும். அதாவது 22 குறிகளுக்கு மேல் போனால் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். ஆகப் பழைய முகவரியும் புது முகவரியும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொன்றையும் 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) மூலம் கோத்திருக்க வேண்டும். அவர் ஒன்றையும் கோக்கவில்லை. அதோடு, “ரெண்டு இடத்துல ஒரே பதிவு இருந்தா கூகுளுக்குப் பிடிக்காது” என்று சொல்லி, நான் கொடுத்திருந்த கடவுச்சொல்லைக் கொண்டு பழைய வலைப்பூவையே அழித்துவிட்டார். கூகுளில் இருந்து வந்த வாசகர்கள் எல்லாரும் வெற்றுப் பக்கத்தில் போய் முட்டினார்கள்.

இதற்கு நல்ல வழி இருந்தது. முதலில் நம் டொமைனை (தளத்தின் சொந்த இணைய முகவரிப் பெயரை) ப்ளாக்கரிலேயே இணைத்துச் சில மாதம் ஓடவிட்டால், ப்ளாக்கர் தந்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை ப்ளாக்கரே புது முகவரிக்கு அனுப்பும். அப்புறம் வேர்ட்பிரஸுக்குப் போகும்போது அதே முகவரி அமைப்பை, வருடம், மாதம், கடைசியில் எச்டிஎம்எல் உட்பட, அப்படியே வைத்துக்கொள்ளலாம். பின்னூட்டங்களோடு பதிவுகளைக் கொண்டுவர இலவச பிளகினும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) உண்டு.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் திருட்டுப் பிரதி. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாமல் சூதாட்டத் தளங்களுக்கு இணைப்புகள் ஒளிந்திருந்தன.

சரி, வேறு ஒருவரை வைத்துச் சரிசெய்யலாம் என்று டொமைன் விவரம் கேட்டபோதுதான் பெரிய அடி விழுந்தது. டொமைனை அவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். பணம் என்னுடையது, ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் அவர். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். உரிமையாளர் கேட்டால் பதிவு நிறுவனம் ஐந்து நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. நான் கேட்டால் தர மாட்டார்கள். அவரிடம் கேட்டேன், மறுபடி ஒரு தொகை சொன்னார். கொடுக்கவில்லை.

தளம் செய்து தர யாரையாவது அமர்த்தினால், டொமைனையும் ஹோஸ்டிங்கையும் (தளக் கோப்புகளை வைக்கும் இடம்) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே வாங்குங்கள். வேலை செய்பவருக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம். ப்ளாக்கரில் அவரை எழுத்தாளராக மட்டும் சேருங்கள், நிர்வாகியாக வேண்டாம். தொடங்கும் முன் கூகுள் டேக்அவுட் (கூகுளில் உள்ள நம் தரவைப் பதிவிறக்கும் வசதி) வழியாக எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் இதைச் செய்யுங்கள்.

அழித்த வலைப்பூவை 90 நாளுக்குள் மீட்கலாம் என்று ஒரு வாசகர் சொன்னார். அவசரமாக உள்ளே போய்ப் பார்த்தேன், இன்னும் சில நாட்களே மீதம் இருந்தன. மீட்டதும் முதலில் திறந்தது அந்தத் தட்டான் பதிவை. சிறகு நரம்புகள் தெளிவாக இருந்தன. கீழே நண்பரின் பின்னூட்டம்: “இது தட்டான் இல்லை, ஊசித்தட்டான். சிறகை மடக்கி வைத்திருப்பதைப் பாருங்கள்.” அந்த டொமைன் இன்னும் தளம் செய்தவர் பெயரில்தான் இருக்கிறது.