ரெக்கார்ட் பிளேயருக்கு புது பெல்ட்: ரெண்டு தீபாவளி தாண்டி ஓடுது

என்கிட்ட இருக்கறது 80கள்ல வந்த ஜப்பான் பெல்ட் டிரைவ் செட், அதாவது மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியா தட்ட சுத்த வைக்கும். பழைய பெல்ட் இளகி தார் மாதிரி புல்லியில (மோட்டார் முனையில இருக்கற சின்ன சக்கரம்) ஒட்டிக்கிச்சு, பாட்டு இழுவையா வந்துச்சு, பெல்ட் தேட இறங்கினேன்.

சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா டேப் ரெக்கார்டர் பெல்ட் எடுத்துத் தர்றாங்க, அது ரொம்பச் சின்னது, நமக்கு வேண்டியது சுத்தளவு 60 செ.மீ. கிட்ட வர்ற ஃப்ளாட் பெல்ட். பிளாட்டருக்கு (ரெக்கார்ட் வைக்கற தட்டு) அடியில இருக்கற வளையத்தையும் மோட்டார் புல்லியையும் சேர்த்து நூல் சுத்தி அளந்துட்டு, அதுல 5 சதவீதம் கம்மியா வாங்கணும், அந்த இழுப்பு இருந்தாதான் பிடிப்பு.

புது பெல்ட் வர்ற வரைக்கும் சைக்கிள் ட்யூப்ப நீளவாக்குல வெட்டி ஒட்டி ஓட்டினேன். சுத்தும், ஆனா ஒட்டின இடம் புல்லிய தாண்டும்போதெல்லாம் ஸ்ருதி ஆடும், அதுவும் நாதஸ்வரம் நீட்டிப் பிடிக்கற இடத்துல கேக்கவே முடியல. அவசரத்துக்கு மட்டும்தான்.

நீளத்த எல்லாரும் பாக்கறாங்க, தடிமன யாரும் பாக்கறதில்ல, எனக்கு அதுதான் முக்கியம்னு தோணுது. புல்லி விட்டம் 1 செ.மீ. அளவுல இருந்தா பெல்ட் 0.1 மி.மீ. தடிச்சாலே வேகம் கிட்டத்தட்ட 1 சதவீதம் ஏறும். 6 சதவீதம் போச்சுன்னா அரைக் கட்டையே மாறிடும், கர்நாடக சங்கீதம் கேக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். எங்கயும் ஒரே தடிமனா இருக்கற பெல்ட்தான் வாங்கணும், விலை கூடன்னாலும் பரவால்ல.

மாட்டறதுக்கு முன்னாடி புல்லியையும் வளையத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நல்லா துடைங்க, பழைய பிசின் துளி இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும். பெல்ட் முறுக்காம இருக்கணும். வேகம் பாக்க ஸ்ட்ரோப் அட்டை (சுத்தி கோடு போட்ட வட்ட அட்டை, பிளாட்டர் மேல வச்சு சுத்த விடணும்) போதும், நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துல 180 கோடு, கோடு நின்ன இடத்துலயே நின்னா வேகம் சரி. பல எல்இடி பல்புல இது தெரியாது, சோக் வச்ச பழைய டியூப் லைட்டுக்குக் கீழ வச்சுப் பாருங்க. கோடு நகர்ந்தா, என் செட்டுல மோட்டார் அடியில இருக்கற ஓட்டை வழியா சின்ன ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருப்பலாம், டிசி மோட்டார் செட் நிறையவற்றுல இந்த வசதி உண்டு.

மாட்டினப்போ வச்ச வேகம் இன்னும் நகரல, ரப்பர் வெடிக்கல, பளபளப்பும் ஏறல. ஊருக்குப் போறப்போ மட்டும் புல்லியில இருந்து கழட்டி விட்டுட்டுப் போவேன், ஒரே இடத்துல மடங்கிக் கிடந்தா அந்த வளைவு ரப்பர்ல பதிஞ்சிடும்.