பழைய சிவிக்குக்கு எந்த இன்ஜின்? டி16, பி18, பி16, பி20, கே24 ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரை விற்ற ஹோண்டா சிவிக் டிஎக்ஸில் இருப்பது டி15பி7 இன்ஜின். 102 எச்.பி., 133 நியூட்டன் மீட்டர் டார்க். கார் ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் எடை போடும். அதனால் 30, 40 எச்.பி. கூடினாலே கார் ஓடும் விதமே மாறிவிடும். இன்ஜின் மாற்ற இறங்குபவர்கள் பெரும்பாலும் இன்ஜின் விலையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். கையைக் கடிப்பது அதற்குப் பின்னால் வரிசையாக வரும் மவுண்ட் பிராக்கெட், ஆக்ஸில், கியர் லிங்கேஜ், ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போன்ற சாமான்கள்தான். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தச் சாமான் கணக்கை வைத்துத்தான்.

டி16இசட்6: செலவு குறைவு, பலனும் அளவோடு

சிவிக் எஸ்ஐ, இஎக்ஸ் கார்களில் வந்த இன்ஜின் இது. ஒரு கேம்ஷாஃப்ட், விடெக் (அதிக சுற்றில் வால்வைக் கூடுதலாகத் திறக்கும் ஹோண்டா நுட்பம்), 125 எச்.பி., 144 நியூட்டன் மீட்டர். டி15பி7-இன் குடும்பம்தான் என்பதால் காரில் இருக்கும் மவுண்டிலேயே உட்கார்ந்துவிடும். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் ஆக்ஸிலையும் லிங்கேஜையும் தொட வேண்டியதில்லை. பி28 ஈசியூ ஒன்று வேண்டும். டிஎக்ஸின் ஹார்னஸில் (வயர் கட்டில்) விடெக் வயர்கள் கிடையாது. விடெக் சோலனாய்டில் இருந்து ஈசியூவின் ஏ4 பின்னுக்கு ஒன்று, ஆயில் பிரஷர் சுவிட்சில் இருந்து டி6 பின்னுக்கு ஒன்று என இரண்டு வயர் இழுக்க வேண்டும். டி6 வயரை விட்டுவிட்டால் விடெக் எண்ணெய் அழுத்தம் வந்ததை ஈசியூ அறியாது. செக் இன்ஜின் விளக்கு எரியும், விடெக் வேலை செய்யாது.

ஒரு குறை உண்டு. டிஎக்ஸ் கியர்பாக்ஸின் ஃபைனல் டிரைவ் (கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.058, எஸ்ஐ, இஎக்ஸில் 4.250. டிஎக்ஸ் பாக்ஸோடு ஓட்டினால் புது இன்ஜினின் சுறுசுறுப்பு முழுதாகத் தெரியாது. இன்ஜினோடு அந்த கியர்பாக்ஸும் சேர்ந்து கிடைத்தால் விடக்கூடாது.

பி18பி1-ம் பி16-ம்: உண்மையான போட்டி இங்கேதான்

1994 முதல் 2001 வரை வந்த, ஹோண்டாவின் அகூரா பிராண்ட் காரான இன்டெக்ரா எல்எஸ்ஸில் இருந்தது பி18பி1. இரட்டை கேம், விடெக் இல்லை. 140 எச்.பி.க்குச் சற்று மேல், 170 நியூட்டன் மீட்டரை ஒட்டிய டார்க். பி16 என்றால் ஹோண்டா டெல் சோல் விடெக் காரின் பி16ஏ3, 1999-2000 சிவிக் எஸ்ஐயின் பி16ஏ2. இரண்டுமே 160 எச்.பி., டார்க் 150 நியூட்டன் மீட்டர்தான்.

பி16-இல் 20 எச்.பி. அதிகம், ஆனால் அது 7,600 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 81 மி.மீ.; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பி18பி-இல் 89, பி16-இல் 77.4. கீழ்ச் சுற்றில் பி18 இழுப்பதற்கும் பி16 அங்கே சோர்ந்து நிற்பதற்கும் காரணம் இந்த வித்தியாசம்தான். சிக்னலில் இருந்து கிளம்புவது, மூன்றாம் கியரில் மேடு ஏறுவது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு ஓட்டுவது என்று தினசரி ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் பி18 முந்தும். 5,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் பெரிய கேம் லோப் பிடித்து 8,000 வரை பாடும் இன்பம் பி16-க்கு மட்டுமே. டிராக்கில் ஓட்டுபவருக்கு அது போதும்.

கியர்பாக்ஸிலும் இதே கதை. இரண்டுக்கும் ஃபைனல் டிரைவ் 4.266 என்றாலும் ஐந்தாம் கியர் எல்எஸ் பாக்ஸில் 0.714, 1999 எஸ்ஐ பாக்ஸில் 0.848. 13 அங்குல டயரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது முதலாவது சுமார் 2,800 ஆர்பிஎம், இரண்டாவது 3,300-க்கு மேல். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்த 500 சுற்று காதிலும் பெட்ரோல் பில்லிலும் தெரியும். பி குடும்ப கியர்பாக்ஸ்கள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. எனவே பி18 இன்ஜினுக்கு எஸ்ஐ பாக்ஸ் போட்டு நகர ஓட்டத்தை இன்னும் கூர்மையாக்கலாம்.

பொருத்தும் சாமான் இரண்டுக்கும் ஒன்றே, பட்டியலும் கடினமில்லை: இந்த சிவிக்கின் அடித்தளத்திலேயே பி16-ஐப் போட்டு ஹோண்டா டெல் சோல் விடெக்கை விற்றிருக்கிறது. டைமிங் பக்க பிராக்கெட், கியர்பாக்ஸ் பக்க பிராக்கெட், பின்புற டி-பிராக்கெட் மூன்றையும் டெல் சோல் விடெக்கில் இருந்தோ 94-01 இன்டெக்ராவில் இருந்தோ எடுக்கலாம். இன்டெக்ரா ஆக்ஸில்கள், பிளாக்கில் போல்ட் செய்யும் இடைநிலை ஷாஃப்ட், கியர் லிங்கேஜ், த்ராட்டில் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ்கள் இவையும் வேண்டும். டி-பிராக்கெட் இல்லாமல் இன்ஜின் வாங்கி வந்து, அது ஒன்றுக்காகவே கார் வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்பது வழக்கமாக நடப்பதுதான். இன்ஜினைப் பார்க்கும்போதே அதைக் கையில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

வயரிங்கில் பி18-க்குத்தான் நிம்மதி. 94-95 இன்டெக்ரா எல்எஸ்ஸின் பி75 ஈசியூ சிவிக் பிளக்கில் அப்படியே ஏறும். விடெக் வயரும் இல்லை, இன்ஜின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரும் இல்லை. பி16-க்கு மேலே சொன்ன ஏ4, டி6 வயர்களோடு, அமெரிக்க பி30 ஈசியூ என்றால் நாக் சென்சாரில் இருந்து டி3 பின்னுக்கு மூன்றாவது வயரும் தேவை. 1996 முதல் வந்த இன்ஜின் வாங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர் பிளக்குகளின் வடிவம் மாறும். 1992-95 டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடி மாற்றிவிடுவது, பிளக்குகளை வெட்டி ஒட்டுவதைவிட நல்லது.

ஜப்பானில் இருந்து வரும் பி16ஏ விலை கவர்ச்சியாக இருக்கும். 1989-91 காலத்து முதல் தலைமுறை என்றால் கவனம்: அதன் கியர்பாக்ஸ் கேபிள் கிளட்ச்; உங்கள் கார் ஹைட்ராலிக் கிளட்ச். இன்ஜெக்டர்களும் 2 ஓம் அளவுள்ள குறைந்த மின்தடை வகை. ரெசிஸ்டர் பாக்ஸ் இல்லாமல் 92-க்குப் பிந்தைய ஈசியூவில் மாட்டினால் ஈசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். மலிவாக வாங்கிய இன்ஜின் அதோடு மலிவில்லாமல் போகிறது.

பி20, பி18சி1, கே24

ஹோண்டா சிஆர்-வியின் பி20, பி18-இன் அண்ணன். 97-98 பி20பி 126 எச்.பி., 99-01 பி20இசட் 146 எச்.பி.; டார்க் 180 நியூட்டன் மீட்டர். கீழ்ச் சுற்று இழுப்புக்கு இதை மிஞ்ச இந்த விலையில் வேறில்லை. 84 மி.மீ. சிலிண்டருக்கு இடம் விட்டதில் சுவர் மெலிந்திருப்பதால், பின்னால் டர்போ போடும் எண்ணம் இருந்தால் தொட வேண்டாம். பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் காரில் இருந்து வரும் என்பதால் மேனுவல் ஃப்ளைவீலும் அதற்கே உரிய நீளமான போல்ட்டுகளும் தனியே வாங்கி 103 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டையே திரும்பப் போடுவது ஆபத்து. நூல் போதிய அளவு கவ்வாது.

இன்டெக்ரா ஜிஎஸ்ஆரின் பி18சி1-இல் 170 எச்.பி.யும் 174 நியூட்டன் மீட்டரும் ஒன்றாகக் கிடைக்கும். குறை சொல்ல முடியாத இன்ஜின், விலையைத் தவிர. நாக் சென்சாரோடு இரட்டை இன்டேக்குக்கான ஐஏபி வயரும் சேரும்.

அகூரா டிஎஸ்எக்ஸின் கே24ஏ2 200 எச்.பி., 225 நியூட்டன் மீட்டர். எண்ணிக்கையில் எல்லாவற்றையும் அடிக்கும். ஆனால் அது சுற்றும் திசையே வேறு. கியர்பாக்ஸ் மறுபக்கம், எக்ஸாஸ்ட் பின்பக்கம். மவுண்ட் கிட், ஆக்ஸில், ஷிஃப்டர், கன்வர்ஷன் ஹார்னஸ், புரோகிராம் செய்யக்கூடிய ஈசியூ, ஹெடர், எரிபொருள் லைன் எல்லாமே வெளிச்சந்தை சாமான். இன்ஜின் மலிவாகக் கிடைத்தாலும் அதைக் காரில் இறக்க ஆகும் செலவு இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். பட்ஜெட் என்று ஆரம்பித்தவர் இதைத் தொடக்கூடாது.

வாங்கும்போதும் இறக்கும்போதும்

ஏற்கெனவே கழற்றிக் கிடக்கும் இன்ஜினைவிட, முன்பக்கம் சேதமாகாமல் இருக்கும் விபத்துக் கார் ஒன்றை முழுதாக வாங்குவது பெரும்பாலும் மிச்சம். பிராக்கெட்டில் இருந்து பிரேக் வரை அதிலேயே இருக்கும். கம்ப்ரஷன் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஹோண்டா தரும் எல்லை குறைந்தபட்சம் 930 கிலோபாஸ்கல், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 200-க்குள். இன்டெக்ராக்கள் நிறையத் திருடு போனவை. பில் இல்லாத இன்ஜின் வேண்டாம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், இன்ஜின் காரின் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கக்கூடாது, அதன் மாசுக்கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் கூடவே வர வேண்டும் என்ற விதியை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க்கின் இரு முனை சீல், கிளட்ச் எல்லாம் மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் இன்ஜின்கள் இவை. உள்ளே போன பிறகு சீல் ஒன்று கசிந்தால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஆகி நின்று நின்று போகிறது என்றால் முதலில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைப் பாருங்கள். ஈசியூவின் எர்த் வயர்கள் அங்கேதான் ஒரு சிறு போல்ட்டில் முடிகின்றன. அவசரத்தில் மறந்துபோவதும், பெயின்ட் அடித்த ஹவுசிங்கில் சுரண்டாமல் மாட்டுவதும்தான் பெரும்பாலான "ஈசியூ போச்சு" புகார்களின் காரணம். பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். கியர்பாக்ஸில் இருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் பட்டையும் அப்படியே.

பிரேக்கையும் இதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். டிஎக்ஸின் முன் டிஸ்க் 240 மி.மீ.தான். இன்டெக்ராவின் 262 மி.மீ. டிஸ்க், கேலிப்பர், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மூன்றும் விபத்துக் காரிலேயே கிடைக்கும். டி16 போடுபவர் இதைத் தள்ளிப்போடலாம். பி18-க்கு மேலே போகிறவர்கள் இன்ஜின் இறங்கும் அதே வாரத்தில் மாற்றிவிட வேண்டும்.