அப்பாவின் வேட்டியும் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியும்

குழந்தையைத் துடைக்க, கடையில் விற்கும் வைப்ஸ் என்ற ஈரத் துடைதாளுக்குப் பதிலாகப் பழந்துணியைப் பயன்படுத்தியதில், முதல் மூன்று மாதங்களை என் அனுபவம் என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை. ராஜபாளையத்தில், அம்மா வீட்டில் பிரசவம். மகனைத் துடைத்தது நான். அந்தத் துணியை அலசி, சோப்புப் போட்டு, வெந்நீரில் முக்கி, மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தி, மடித்துத் திரும்ப என் தலைமாட்டில் வைத்தது அம்மா. "துணியே இவ்வளவு வசதியாக இருக்கும்போது எதற்குத்தான் எல்லோரும் வைப்ஸ் வாங்குகிறார்களோ" என்று அப்போது தோழிகளிடம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. தாம்பரம் திரும்பிய இரண்டாம் நாள் வாளி என் கைக்கு வந்தது. மகனுக்கு இப்போது வயது இரண்டும் இரண்டு மாதமும். ஆக, இது 23 மாத அனுபவம்.

பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் ஆகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை விட்டுவிட்டாலும், பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இல்லை, மொடமொடப்பும் இல்லை, தண்ணீர் பட்டதும் உறிஞ்சுகிறது. அப்பாவின் நாலு முழ வேட்டிகள் மூன்றை எடுத்தோம். ஒரு வேட்டியில் கரையைக் கழித்துவிட்டு 20 செ.மீ. சதுரமாக வெட்டினால் 45 துண்டுகள் வந்தன. இரண்டு இரண்டாக அடுக்கித் தைத்தால் 22 துடைதுணி, ஒன்று மிச்சம். மூன்று வேட்டிக்கும் சேர்த்து 66. இந்த எண்ணிக்கை போதும். இதற்கு மேல் தைத்தால் துவைப்பதைத் தள்ளிப்போடத்தான் தோன்றும்.

ஓரம் அடிக்காமல் பயன்படுத்தாதீர்கள். முதல் வாரம் அவசரத்துக்கு வெறுமனே வெட்டிய துண்டுகளையே பயன்படுத்தினோம். ஒரு காலை, குழந்தை காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். பிரிந்து வந்த நூல் ஒன்று கால்விரலைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் சிவந்திருந்த நிலையில் பார்த்துவிட்டோம். விட்டிருந்தால் இரத்த ஓட்டமே தடைபட்டிருக்கும். அன்று மாலையே அம்மா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.

வேறு துணிகளும் பார்த்தேன். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர் என்பதால் பெரியம்மா அதில் சில மீட்டர் வாங்கிவந்தார். காயத்துக்குக் கட்ட இடைவெளிவிட்டு நெய்த துணி அது. நான்காக மடித்தால் பால் வழிந்த வாயைத் துடைக்கலாம். கீழே துடைத்தால் விரலுக்கு வந்துவிடும். டர்க்கி டவலை வெட்டியும் பார்த்தேன். நன்றாக உறிஞ்சும், ஆனால் எளிதில் காயாது. எங்கள் போர்வெல் தண்ணீரில் நான்கு முறை துவைத்ததும் சொரசொரவென்று ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் குழந்தையைத் துடைப்பதில்லை, கழுவுகிறோம். இடது கையில் கவிழ்த்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலம்பி, ஈரத்தை ஒற்றி எடுப்பதோடு வேலை முடிந்தது. துணிக்கு உண்மையான வேலை அந்த ஒற்றுதலிலும், இரவு இரண்டு மணிக்கும், வெளியே போகும்போதும், பின்னால் சோறு ஊட்டத் தொடங்கியதும்தான். நாளுக்கு 80 வைப்ஸ் தேவைப்படுவதுபோலப் பேசும் கணக்குகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எனக்குத் தொடக்கத்தில் நாளுக்குப் பதினைந்து துணி. ஒரு வயதுக்குப் பிறகு ஏழெட்டு.

வாளிக்கு வருகிறேன். மூடிபோட்ட பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, அழுக்குத் துணியை அதில் போட்டு, மாலையில் மொத்தமாகத் துவைக்கலாம் என்று திட்டமிட்டேன். சித்திரை வெயிலில் மாலை மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அம்மாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். "ஊறப்போடவா செய்தாய்? நான் எப்போதாவது ஊறப்போட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். உண்மைதான். பயன்படுத்திய கையோடு பச்சைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, மூடியில்லாத வாளியின் விளிம்பில் போட்டுவிடுவார். முதல் அலசலே வெந்நீரில் என்றால் கறை துணியில் ஏறிவிடும். பச்சைத் தண்ணீரில் போக்கிவிட்டு அதன்பிறகுதான் வெந்நீர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் காலத்து மஞ்சள் கறைக்கு எந்தப் பொடியும் வேண்டாம். ஈரத்தோடு உச்சிவெயிலில் விரித்துப்போட்டால், மாலையில் எடுக்கும்போது கறை இருந்த இடம் தெரியாது. திட உணவு தொடங்கிய பிறகு வரும் கறை அவ்வளவு லேசில் போகாது. அதை நான் கண்டுகொள்வதை விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் தொடையிடுக்கில் சிவப்புத் தடிப்பு வந்தது. டாக்டர் குழந்தையைப் பார்த்த நேரத்தைவிட, துணியை எப்படித் துவைக்கிறேன் என்று விசாரித்த நேரம் அதிகம். கடைசி அலசலில் கிருமிநாசினித் திரவமும், மணத்துக்காகத் துணி மிருதுவாக்கியும் சேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் நிறுத்தச் சொன்னார், கூடுதலாக ஒருமுறை அலசச் சொன்னார். ஒரு வாரத்தில் தடிப்பு அடங்கியது. மிருதுவாக்கி துணியின் இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். துடைக்கும் தண்ணீரில் தேங்காய் எண்ணெய் கலந்துகொள்ளும்படிப் பலர் சொல்வார்கள். செய்து பார்த்தேன். பத்தே நாளில் துணியில் காறல் வாடை. எண்ணெயைத் தோலில் தடவுங்கள், துணிக்கு வேண்டாம்.

நனைத்துத் தயாராக டப்பாவில் அடுக்கிவைப்பதும் இந்த ஊருக்குச் சரிவராது. இரண்டு நாள் மறந்துபோன டப்பாவில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அதில் இருந்த ஒன்பது துணிகளையும் தூக்கியெறிந்தேன். அதன்பிறகு உலர்ந்த துணி ஒரு பையில், ஆறவைத்த வெந்நீர் ஒரு பாட்டிலில். தேவைப்படும்போது நனைத்துக்கொள்வதுதான்.

மழைக்காலம் விநோதமானது. மாடியில் பிடித்த மழைத்தண்ணீரில் சோப்பு நுரைக்கிற அழகே தனி. துணி மறுபடி வேட்டியாகவே மாறிவிட்டதோ என்றிருக்கும். ஆனால் காய வெயில் கிடைக்காது. கார்த்திகை முழுவதும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி முதுகெல்லாம் துணி. அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து முடித்தேன்.

விட்டுக்கொடுத்த இடங்களும் உண்டு. ஊருக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் அழுக்குத் துணியை வைத்துக்கொண்டு போகத் தெம்பில்லை. அதற்குக் கடை வைப்ஸ்தான். வைகாசியில் எங்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வந்த இரண்டு வாரமும் அப்படியே. துணி அலச நாளுக்கு இரண்டு வாளி தண்ணீர் வேண்டும். குடத்தை எண்ணிப் பிடிக்கும் வீட்டில் அதை எப்படிக் கேட்பது? ஆனால் அந்த இரண்டு வாரத்தில் யார் வீட்டிலோ வைப்ஸைக் கழிப்பறையில் போட்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. பார்க்கக் காகிதம் போல இருந்தாலும் பலவற்றில் பாலியெஸ்டர் இழை உண்டு. தண்ணீரில் கரையாது. குழாயிலிருந்து கயிறுபோல முறுக்கிக்கொண்டு வந்ததை எடுத்துப் போட்டவர் முகத்தை நான் பார்த்தேன்.

செலவு மிச்சமா என்றால், மிச்சம்தான். துணிக்குக் காசில்லை, தைத்தது அம்மா. ஆனால் உழைப்பை யார் கணக்கில் எழுதுவது? ஏழாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியபோது துணியை நிறுத்திவிடும் முடிவில்தான் இருந்தேன். வாளியை என் கணவர் எடுத்துக்கொண்டார், காலைக்காபிக்கு முன் அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஊரிலிருந்து வந்த என் மாமியார் முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "இவனுக்குப் பீத்துணி அலசியது நான். இவன் அப்பா வாளிப்பக்கம்கூட வந்ததில்லை" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதைப் புகாராகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த 66இல் இன்று 41 இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு நடுவில் இழைவிட்டுச் சல்லடையாகிவிட்டன; அவை சைக்கிள் துடைக்கப் போய்விட்டன. மற்றவை மூக்குக்கும் சோற்றுக் கைக்கும் தினமும் ஓடுகின்றன. தங்கைக்கு இது எட்டாம் மாதம். கடையில் புது வேட்டி வாங்கிக் கிழிக்கலாமா என்று கேட்டாள். புதியது உதவாது, உடுத்தித் தேய்ந்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு வீடியோ அழைப்பில், அப்பா கட்டியிருந்த வேட்டியையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.