எட்டு ஆண்டுகளாக விண்வெளி வீரர்களின் தன்வரலாறுகளோடு

கண்டியிலுள்ள ஒரு பழைய புத்தகக் கடையில், ஹட்டன் பஸ் புறப்படுவதற்கு முன் கிடைத்த அரை மணி நேரத்தில், கனேடிய விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் எழுதிய தன்வரலாற்றை 2017ஆம் ஆண்டு வாங்கினேன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, பிள்ளைகளுக்குச் சொல்ல நாலு செய்தி கிடைக்கும் என்பதே அப்போதைய எண்ணம். பஸ் கினிகத்தேனையைத் தாண்டுவதற்குள் அந்த எண்ணம் மாறிவிட்டது. 2001ஆம் ஆண்டு விண்வெளியில் விண்ணோடத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைக்கவசக் கண்ணாடியில் நீராவி படியாதிருக்கப் பூசியிருந்த திரவம் அவருடைய கண்ணுக்குள் போய்விட்டது. எடையற்ற நிலையில் கண்ணீர் கீழே வழியாது. கண்ணிலேயே குமிழாகத் திரண்டு, மூக்குத் தண்டைக் கடந்து மற்றக் கண்ணுக்கும் பரவ, இரண்டு கண்ணும் தெரியாமல் அவர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கங்களில் அவர் வீரம் பேசவில்லை. அடுத்து என்ன செய்வது என்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

அன்றிலிருந்து இன்றுவரை இவ்வகை நூல்கள் ஒன்பதை வாசித்திருக்கிறேன். அவற்றுள் நான்கைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், இந்த நீண்ட பழக்கத்தில் எனக்கு நிலைத்தது எது, சலித்தது எது என்பதை எழுதுகிறேன்.

முதலில் சலித்தது ராக்கெட் புறப்படும் அத்தியாயம். முதல் நூலில் நெஞ்சு படபடக்க வாசித்த அதே அதிர்வு, அதே மார்பழுத்தம், இயந்திரம் நின்றதும் மிதக்கத் தொடங்கும் அதே பென்சில், மூன்றாவது நூலிலும் ஏறக்குறைய அதே ஒழுங்கில் வருகின்றன. பூமியை முதன்முதல் பார்க்கும் பக்கங்களும் அப்படியே. அவர்கள் உண்மையைத்தான் எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அனுபவம் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால் சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாம் வாசிப்பிலும் தாக்குப்பிடிப்பவை வேலையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களே. கை என்ன செய்தது, கருவி எங்கே வழுக்கியது, ஒத்திகையில் வராத சிக்கல் வேலைத்தலத்தில் எப்படி வந்தது என்று எழுதியவர்களின் நூல்கள் என் அலுமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கின்றன.

அவற்றுள் மைக் மாசிமினோவின் 'ஸ்பேஸ்மேன்' நூலை முதலில் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதம், ஹபிள் தொலைநோக்கியின் பழுதடைந்த நிறமாலைக் கருவியொன்றைத் திருத்துவதற்காக அவர் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் போனார். அந்தக் கருவி விண்வெளியில் வைத்துத் திறப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் மூடியை நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு திருகாணிகள் பிடித்திருந்தன. கழலும் ஆணிகள் மிதந்துபோய் வேறெதையும் கெடுக்காமல் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு தட்டைச் செய்து, வருடக் கணக்கில் நீர்த்தொட்டியில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆனால் மூடிக்குக் குறுக்கே ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. அதைக் கழற்றுவது மிக எளிய வேலை, நான்கே ஆணி. அந்த நான்கில் கடைசி ஆணியின் தலை தேய்ந்து, கருவி பிடிக்காமல் சும்மா சுற்றியது. இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பை ஓர் ஆணியால் தானே பாழாக்கிவிட்டதாக அவர் மனத்துக்குள் மருகுவதும், கருவிப்பெட்டிக்கும் தொலைநோக்கிக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதும், கடைசியில் தரையில் இருந்தவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னபடி கம்பியைக் கையாலேயே பிடித்து இழுத்துப் பிய்த்தெடுப்பதும் ஓர் அத்தியாயம் முழுக்க வருகின்றன.

இந்த அத்தியாயத்தை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அம்மா முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டவர், ஆணி தேய்ந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டார். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அன்னைக்கு அந்த மனுசனுக்கு முழுப் பேர் போட்டாங்களா, அரப் பேரா?" நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் மட்டும் எழுதுவதைத்தான் எங்கள் தோட்டங்களில் அரைப் பேர் என்பார்கள். புதருக்குப் புதர் கொழுந்து ஏன் குறைந்தது என்று நிறுவைத் தராசு கேட்பதில்லை. மாசிமினோவின் அச்சத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வேறொரு வாசகரை நான் சந்திக்கவில்லை. விண்வெளி உடையின் கையுறை காற்றழுத்தத்தால் விறைத்திருப்பதால், ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் ஒரு பந்தை அமுக்குவது போலாகும், அதனால் சிலருக்கு நகமே கழன்றுவிடுவதுண்டு என்று சொன்னபோது, அம்மா தன் வலது கைப் பெருவிரலை விளக்கடியில் நீட்டிக் காட்டினார். நகத்தின் ஓரம் மேடாகத் தடித்து, அதன் கீழே பழைய வெடிப்புகள் மூன்று தழும்பாக இருந்தன.

மாசிமினோவை வாசிப்பதற்கு முன் கேத்ரின் சல்லிவன் 2019இல் வெளியிட்ட நூலை வாசித்திருந்தால் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும். நான் வரிசை மாற்றி வாசித்துவிட்டேன். 1984ஆம் ஆண்டு விண்வெளியில் நடந்த முதல் அமெரிக்கப் பெண்மணி அவர். ஹபிள் ஏவப்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, அதை மேலே வைத்துப் பழுதுபார்க்கத் தேவையான கருவிகளையும் பிடிமானங்களையும் முறைகளையும் ஒரு சிறு குழு எப்படி உருவாக்கியது என்பதே நூலின் உடல். 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் தொலைநோக்கியை விடுவிக்கும் வேளையில் அதன் சூரியத் தகடொன்று விரியாமல் சிக்கிக்கொண்டது. வெளியே போக வேண்டிவரலாம் என்று சல்லிவனும் சக வீரரும் உடையணிந்து வெளியேறும் அறைக்குள் காத்திருந்தார்கள். சிக்கல் வேறு வழியில் தீர்ந்துவிட்டதால், தாம் வருடக் கணக்கில் உழைத்த தொலைநோக்கி மிதந்து விலகிய கணத்தை அவர்கள் பார்க்கவேயில்லை. இதைப் பெரிய குறையாகச் சொல்லாமல் சில வரிகளில் கடந்துபோகிறார் அவர். தேவையற்ற பக்கம் ஒன்றும் இல்லாத நூல் இது என்பேன். ஆனால் கருவிகளில் நாட்டமில்லாதவர்களுக்கு நடுப்பகுதி கனமாக இருக்கும்.

எழுத்தின் தரத்தில் இவர்கள் எல்லாருக்கும் மேலே நிற்பவர் மைக்கல் கொலின்ஸ். 1974இல் வந்த 'கேரியிங் த ஃபயர்' நூலை அவர் துணை எழுத்தாளர் இல்லாமல் தாமே எழுதினார். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தின் மற்ற வீரர் இருவரும் நிலவில் இறங்கியிருக்க, கொலம்பியா கலத்தில் தனியே சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபுறம் போகும்போது ஏறத்தாழ 48 நிமிடம் பூமியோடு வானொலித் தொடர்பு அறுந்துவிடும். தனிமை தன்னை வருத்தவில்லை என்கிறார். அவரை வருத்தியது, அந்த இருவரும் மேலே வர முடியாமல் போனால் தாம் ஒருவராகத் திரும்ப நேரிடுமே என்பது. அதைத் தவிர்ப்பதற்காக, அவர்களைப் போய்ச் சேர்வதற்கான பதினெட்டு விதமான வழிமுறைகளை எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாராம். இந்தப் பகுதியை நான் வாசித்தது 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில். மின்வாசிப்பானில் மீதமிருந்த மின்னேற்றத்தைக் கணக்குப் பார்த்து, இரவுக்கு இருபது பக்கம் என்று அளந்து வாசித்தேன். வெளியே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை முழுக்க இருட்டு. அப்படி அளந்து வாசித்ததனால்தானோ என்னவோ, ஒரு வாக்கியத்தையும் நான் தாண்டிப் போகவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். துணை எழுத்தாளரோடு சேர்ந்து எழுதிய நூல்கள் சில ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. சுருக்கப் பெயர்கள் பக்கத்துக்குப் பத்து வந்து வாசகரைத் தடுக்கின்றன. நான் கொப்பியொன்றில் தனியே எழுதி வைத்துக்கொண்டேன். இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை, வீட்டிலிருந்தவர்களைப் பற்றிப் பலரும் நன்றி கூறி முடித்துவிடுவது. இதற்கு விலக்காக, நிலவிலிருந்து திரும்பிய பிறகு தம்மைப் பீடித்த மனச்சோர்வைப் பற்றி 1973இலேயே வெளிப்படையாக எழுதிய பஸ் ஆல்ட்ரினை மதிக்கிறேன். 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்த ஸ்கொட் கெலியும் தம் நூலை ராக்கெட்டில் தொடங்காமல், திரும்பி வந்த பின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பவே உடல் படும் பாட்டில் தொடங்குகிறார். காற்றிலுள்ள கரியமில வாயுவை அகற்றும் இயந்திரம் அடிக்கடி பழுதாவதும், வாயு கூடும்போது வரும் தலைவலியும், அதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டும் வேலையும் அந்நூலின் சிறந்த பகுதிகள்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அச்சுப் புத்தகம் வாங்கினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதைச் சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்க வேண்டாம். என் ஹாட்ஃபீல்டின் பின்னட்டையில் பூஞ்சை பிடித்து, கடைசி முப்பது பக்கமும் அலையலையாக ஊதிவிட்டன. இந்த நூல்கள் எனக்குத் தமிழில் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். ஆங்கில வாசிப்புப் பழக்கம் குறைந்த உயர்தர மாணவர்கள் ஹாட்ஃபீல்டிலிருந்து தொடங்கலாம், அவருடைய வாக்கியங்கள் எளியவை. கொலின்ஸை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது, 1982ஆம் ஆண்டு சல்யூட் 7 நிலையத்தில் 211 நாள் இருந்த சோவியத் வீரர் வாலண்டின் லெபெதேவின் நாட்குறிப்பு. இரண்டே பேர், ஒரே கலம், மாதக் கணக்கில். சக வீரரோடு பேச்சு அறுந்துபோகும் நாட்களை அவர் மறைக்காமல் எழுதுகிறார். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஆறு பேராக வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்களில் விளக்கம் தேவைப்படவில்லை. விளக்கு வைத்ததும் அம்மா கேட்பது, இன்றைக்கு அவர்களுக்கு எத்தனையாவது நாள், இரண்டு பேரும் கதைத்துக்கொண்டார்களா என்பதைத்தான். நேற்று நூறாவது நாளைத் தாண்டினோம்.