கிரீன்ஸ் பவுடரா, முருங்கைப் பொடியா? ஒரு கரண்டியில் எத்தனை கிராம் இலை?

போன ஆடியில் டாலஸிலிருந்து வந்த மச்சினன், ஏஜி1 என்ற கிரீன்ஸ் பவுடர் (கீரை, காய், பழப் பொடிகளோடு வைட்டமின்களும் சேர்த்த பச்சைப் பொடி) பை ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். "மாமா, காலையில வெறும் வயித்துல ஒரு கரண்டி, ஒரு டம்ளர் ஜில்லுன்னு தண்ணி. கீரை, காய் எல்லாம் இதுலயே முடிஞ்சுது" என்றான். எனக்கு அப்போது வயது 48. இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்திருந்தது. வாரத்தில் ஐந்து நாள் மதியச் சாப்பாடு அலுவலகக் கேன்டீனில். அங்கே கீரை என்பது சாம்பாரில் மிதக்கும் நாலு இலை. சரி, குடித்துத்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.

அந்த 30 நாள் பை தீர்ந்ததும், இங்கேயே ஆன்லைனில் கிடைக்கிற ஓர் உள்நாட்டு கிரீன்ஸ் பவுடரை வாங்கினேன். அது பாதி டப்பாவோடு நின்றது. அப்புறம் முருங்கை இலைப் பொடிக்கு வந்தேன். இப்போது ஏழெட்டு மாதமாக அதுதான். ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன், ஏன் சாய்ந்தான் என்று எழுதுவது இது.

சுவையை முதலிலேயே முடித்துவிடலாம். ஏஜி1 அன்னாசியும் வெனிலாவும் கலந்த மாதிரி இனிக்கும், ஸ்டீவியா போட்டது. குடிப்பது சிரமமே இல்லை. முருங்கைப் பொடியைத் தண்ணீரில் கலக்கினால் மாட்டுத் தீவனத்தைக் கரைத்த மாதிரி இருக்கும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விலையும் அப்படியே: ஏஜி1 சந்தாவில் மாதம் 79 டாலர் என்று மச்சினன் சொன்னான். ஒரு நாளைக்கு 220 ரூபாய்க்குக் குறையாது. முருங்கைப் பொடி கால் கிலோ 180 ரூபாய்க்கு வாங்குகிறேன். தினம் 10 கிராம் என்றால் ஏழு ரூபாய்ச் சொச்சம். ஆனால் விலைக்காக நான் மாறவில்லை. மாற வைத்தது லேபிள்.

கிரீன்ஸ் பவுடர் எதுவானாலும் பையின் முன்பக்கம் பொருள்களின் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடும். மச்சினன் கொண்டுவந்த பையில் 75 என்று இருந்தது. கரண்டியின் எடை 12 கிராம். பின்பக்கம் திருப்பிப் படித்தால் அந்த எழுபத்தைந்தில் பெரும்பகுதியை நாலு கூட்டாக, அதாவது நாலு கலவையாகக் கட்டியிருந்தார்கள். முதல் கூட்டு 7,388 மில்லிகிராம், இரண்டாவது 2,732, மூன்றாவது 154, நான்காவது நல்ல பாக்டீரியாக்கள், 38. கூட்டின் மொத்த எடை இருக்கிறது. உள்ளே என்னென்ன என்ற பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. இது தவறு ஒன்றும் கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி, கூட்டின் மொத்த எடையைச் சொல்லி, உள்ளே இருப்பவற்றை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதினால் போதும்.

அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கணக்குப் போடலாம். மூன்றாவது கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 154 மில்லிகிராமில் ஐந்து பொருள்: அஸ்ட்ராகலஸ் வேர், அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைன், பர்டாக் வேர், ரெய்ஷி காளான், ஷிடாகே காளான். ஓர் அரிசி மணி சுமாராக 20 முதல் 25 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஐந்து பொருளும் சேர்ந்து ஏழு அரிசி மணி எடை. வரிசையில் கடைசியாக நிற்கிற ஷிடாகே காளானுக்கு அதில் ஒன்றரை மணிக்கு மேல் வர வழியே இல்லை. அதைக் குழம்பில் போட்டால் காளான் குழம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் கூட்டுதான் 'பச்சை'. 7.4 கிராம். பசலைக்கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே இந்த 7.4 கிராமும் உலர்ந்த பசலையாகவே இருந்தால், பச்சைக் கீரையாக ஏறக்குறைய 75 கிராம். அது மோசமில்லை, ஒருவர் சாப்பிடும் பொரியல் அளவு. ஆனால் அந்த வரிசை ஸ்பைருலினா என்ற பாசியில் தொடங்கி லெசித்தின், ஆப்பிள் பொடி, இனுலின் என்று போகிறது. லெசித்தின் கொழுப்பு வகை. இனுலின் நார். ஆப்பிள் ஆப்பிள்தான். பசலை வெகு கீழே நிற்கிறது. ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் இலை என்ற என் கேள்விக்கு அந்தப் பையில் பதில் கிடையாது.

வாங்கிய உள்நாட்டுப் பொடி இன்னும் மோசம். கரண்டி 5 கிராம், பொருள்கள் நாற்பதுக்கு மேல், கூட்டின் எடை கூட இல்லை. அதைக் குடித்த முதல் வாரம் சாயங்காலமானால் வயிறு உப்பி பேன்ட் பட்டன் போட முடியவில்லை. சிக்கரி வேரிலிருந்து எடுக்கிற இனுலின் பழக்கமில்லாத வயிற்றில் காற்றைக் கிளப்பும். அது எவ்வளவு போட்டிருந்தார்களோ. கடைசி வரிசையில் அஸ்வகந்தா வேறு. டென்மார்க் 2023இல் தடை செய்த ஒரு பொருளை, அளவு தெரியாமல், கீரை என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பச்சைப் பொடி குடித்தால் தெம்பு வந்தது, ரிப்போர்ட் சரியானது என்கிறவர்கள் லேபிளின் மேல்பாதியையும் படிக்க வேண்டும். ஏஜி1 கரண்டி ஒன்றில் பி12 மட்டும் 22 மைக்ரோகிராம் இருந்தது, அமெரிக்க அளவுப்படி ஒரு நாள் தேவையின் 917 விழுக்காடு. அது இலையிலிருந்து வந்ததில்லை. எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்கு வேலை செய்யாத போலி வடிவம்தான். தனியாகச் சேர்த்த வைட்டமின் அது. என் பி12 பிரச்சினைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பட்டையும் அதே வேலையைத்தான் செய்தது, அதைவிட மிகக் குறைந்த விலையில். பச்சை நிறத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை ஒளிந்திருக்கிறது என்று புரிந்தபோதுதான் எனக்கு மனம் விட்டுப்போனது.

இப்போது முருங்கைப் பொடிக்கு வருவோம். இதன் பெரிய பலம், உள்ளே ஒரே ஒரு பொருள். பத்து கிராம் போட்டால் பத்து கிராமும் முருங்கை இலை. அப்புறம் கணக்குச் சுலபம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை முருங்கை இலையில் தண்ணீர் ஏறக்குறைய 75 கிராம், சுண்ணாம்புச் சத்து 314 மில்லிகிராம், இரும்பு 4.56 மில்லிகிராம், புரதம் 6.4 கிராம், நார் 8 கிராமுக்குச் சற்று மேல். தண்ணீர் போனால் நாலில் ஒரு பங்கு மிஞ்சும். ஆக 10 கிராம் பொடி சுமார் 40 கிராம் பச்சை இலை. அதில் சுண்ணாம்பு 125 மில்லிகிராம், இரும்பு 1.8, நார் 3 கிராம். 12 கிராம் ஏஜி1 கரண்டியில் நார் 2 கிராம்தான் போட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு முருங்கைப் பொடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 125 மில்லிகிராம் சுண்ணாம்பு என்பது ஒரு டம்ளர் பாலைவிடக் குறைவு. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதில் 1.8 எந்த மூலைக்கு? கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கொஞ்சம் தேவலை. வைட்டமின் சி உலர்த்தும்போதே பெரும்பகுதி போய்விடும். முருங்கைப் பொடிப் பாக்கெட்டுகளிலும் "பசலையைவிட 25 மடங்கு இரும்பு" என்று போடுகிறார்கள். தண்ணீர் வற்றிய பொடியை, தண்ணீரோடு இருக்கும் பசலையோடு எடைக்கு எடை வைத்துப் பார்க்கிற கணக்கு அது. 100 கிராம் பசலையை ஒருவர் சாப்பிட்டுவிடலாம். 100 கிராம் முருங்கைப் பொடியை யார் சாப்பிடுவது? இரண்டு பக்கமும் விளம்பரம் விளம்பரம்தான். முருங்கையில் மட்டும் அந்தப் பொய்யை நாமே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடிகிறது.

ஒரு விஷயத்தில் ஏஜி1க்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். விளையாட்டு வீரர்களுக்காகப் பொருள்களைச் சோதிக்கும் என்எஸ்எஃப் சான்று அதற்கு இருக்கிறது. நான் வாங்குகிற முருங்கைப் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இது சின்ன விஷயமில்லை. 2025 இறுதியில் அமெரிக்காவில் சால்மொனெல்லா கிருமியால் சிலர் நோய்ப்பட்டபோது, விசாரணை போய் நின்ற இடம் இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடி. அதில் ஒரு பகுதி அங்கே கிரீன்ஸ் பவுடர் கலவைக்குள்ளும் போயிருந்தது என்பது தனி வேடிக்கை. இலையைக் கழுவி, தரையில் பரப்பிக் காயவைத்து அரைக்கிற பொருள்; காக்கை, பல்லி, தூசி எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. அதை வேகவைக்காமல் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதுதான் ஆபத்து.

அதனால் எங்கள் வீட்டில் பொடியைக் குடிப்பது கிடையாது. அடை மாவில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி (எங்கள் சமையலறைத் தராசில் 6 கிராம் காட்டியது). இல்லாவிட்டால் பாசிப்பருப்பு, பூண்டு, மிளகோடு கொதிக்கவிட்ட சூப். துவரம்பருப்பும் வரமிளகாயும் வறுத்து அரைக்கிற இட்லிப் பொடியில் சேர்க்கும்போது மட்டும், முருங்கைப் பொடியை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை தனியாகப் புரட்டிக்கொள்கிறோம். அது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். கொதிக்கிற சூப்தான் பாதுகாப்பு. இப்படிச் செய்தால் சில வைட்டமின்கள் இன்னும் கொஞ்சம் போகும். போகட்டும், சுண்ணாம்பும் நாரும் எங்கேயும் போகாது.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நிழலில் உலர்த்தியது நல்ல பச்சையாக இருக்கும். முதல் தடவை நான் வாங்கிய பாக்கெட் வைக்கோல் நிறத்தில், வைக்கோல் வாசனையோடே இருந்தது. நல்ல வெயிலில் காய்ந்தது; பல்லில் மண் வேறு நறநறவென்றது. அரவக்குறிச்சிப் பக்கம் அலுவலக நண்பர் ஒருவருக்கு முருங்கைத் தோப்பு இருக்கிறது. அவர் சொன்ன பிறகுதான் அரைத்த தேதி பார்த்து, சிறிய பாக்கெட்டாக, ஒளி புகாத உறையில் இருப்பதை வாங்க ஆரம்பித்தேன்.

பலன்? இங்கேதான் எனக்குப் பேச்சு குறைகிறது. பி12 ஏறியது மாத்திரையால். ஹீமோகுளோபின் முன்னே இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் வயிறு ஒழுங்காகப் போகிறது, அதை மட்டும் சொல்வேன். அதுவும் அடையில் இருக்கிற பருப்பால் இருக்கலாம். ஏஜி1 குடித்த மாதத்திலும் சுறுசுறுப்பாக உணர்ந்தேன். அந்த மாதம் சீக்கிரம் எழுந்து நடக்கவும் போனேன், எதற்கு நன்றி சொல்வது? அந்த நிறுவனமே பணம் கொடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. 30 பேர், நாலு வாரம். பொடியில் போட்ட அதே வகை பாக்டீரியாக்கள் குடலில் கூடியிருந்தன என்பதுதான் முக்கிய முடிவு. முருங்கை சர்க்கரையைக் குறைக்கும் என்கிற ஆய்வுகளும் சின்னச் சின்னவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இரண்டில் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இலையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் பசலை அதிகமுள்ள கலவைகளைத் தவிர்ப்பது நல்லது.

"பொடியெல்லாம் எதுக்கு, கீரையையே வாங்கிச் சமைக்கலாமே" என்று கேட்பீர்கள். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். கட்டு 20 ரூபாய், புதுசு, கிருமிப் பயமும் இல்லை. எல்லா வகையிலும் அதுதான் மேல். ஆனால் முருங்கையை யார் உருவுவது? அலுவலகம் விட்டு ஏழரைக்கு வருகிற இரண்டு பேர் உள்ள வீட்டில், "கீரை நல்லது" என்று சொல்பவர் ஒருவராகவும் ஆய்கிறவர் இன்னொருவராகவும் இருப்பதுதான் வழக்கம். இப்போது சனிக்கிழமை இரவு நான் கொப்புகளை ஒரு பழைய வேட்டியில் இறுக்கிக் கட்டி வைத்துவிடுகிறேன். காலையில் பிரித்து உதறினால் இலை பாதிக்கு மேல் தானாக உதிர்ந்துவிடும். காம்பு பொறுக்குகிற வேலைதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கீரை, மற்ற நாளில் பொடி.

மச்சினன் தீபாவளிக்குப் பேசியபோது இன்னொரு பை அனுப்பவா என்று கேட்டான். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு மேப்பிள் சிரப் அனுப்பச் சொன்னேன்.